புகைக்குச் சான்றிதழ் உண்டு, டயருக்கு?

ஓர் இருசக்கர வாகனம் விடும் புகையை ஆண்டுக்கொரு முறை சோதித்துச் சான்றிதழ் வாங்கச் சொல்கிறது சட்டம். காப்பீடு இல்லாமல் வண்டியை எடுத்தால் அபராதம். தலைக்கவசம் அணியாவிட்டாலும் அபராதம். ஆனால், அந்த வண்டியைச் சாலையோடு பிடித்துவைத்திருக்கும் இரண்டு டயர்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்று கேட்க, ஷோரூமை விட்டு வெளியே வந்த நாளிலிருந்து பதினைந்து ஆண்டுகளுக்கு ஆள் கிடையாது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி தனியார் வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதைப் புதுப்பிக்கப் போகும்போதுதான் ஓர் அதிகாரி வண்டியை நிறுத்திவைத்துப் பார்க்கிறார். அதற்குள் அந்த வண்டி பல ஜோடி டயர்களையும் சில பேட்டரிகளையும் தேய்த்துத் தீர்த்திருக்கும்.

லாரிக்கும் பேருந்துக்கும் ஆட்டோவுக்கும் இந்தச் சலுகை இல்லை. குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை அவற்றை எஃப்சி எனும் தகுதிச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். வண்டிக்கு வயதாக ஆக அந்த இடைவெளியும் குறையும். தொழிலுக்கு ஓடும் வண்டிகளை இப்படிப் பார்க்கும் அரசு, இரண்டே சக்கரத்தில் நிற்கும் வண்டியை முழுக்க உரிமையாளரின் கையில் விட்டிருக்கிறது. அதில் தவறில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால், தன் டயரை எப்படிப் பார்ப்பது என்று அந்த உரிமையாளருக்கு யாராவது சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். அதையும் யாரும் செய்யவில்லை.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 74,897 பேர், அதாவது நூற்றுக்கு 44 பேருக்கு மேல், இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். அந்த ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் பிடித்த மாநிலம் தமிழ்நாடு: 64,105 விபத்துகள். உயிரிழப்பில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம்: 17,884 பேர். ஓசூரிலும் ஒரகடத்திலும் லட்சக்கணக்கில் மோட்டார் சைக்கிள்கள் செய்யும் மாநிலம் இது. 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கிய எம்ஆர்எஃப் பிறந்த ஊரும், மதுரைக்குப் பக்கத்தில் வெள்ளரிப்பட்டியில் இருசக்கர வாகன டயர் செய்யும் டிவிஎஸ் ஸ்ரீசக்ராவும் இங்கேதான். டயர் செய்யத் தெரிந்த ஊருக்கு டயரைப் பார்க்கத் தெரியவில்லை.

வேகம் என்று எழுதி முடித்த கதை

அதே அறிக்கை, இறப்புகளில் 71 சதவீதத்துக்கு அதிவேகத்தைக் காரணமாகக் காட்டுகிறது. வேகம் கொல்கிறது என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் எது அதிவேகம் என்பதை வேகமானியின் முள் மட்டும் தீர்மானிப்பதில்லை. பிரேக் சக்கரத்தைத்தான் நிறுத்தும்; வண்டியை நிறுத்துவது டயர். இந்த ஒரு வரி புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது.

கணக்குப் போட்டே பார்க்கலாம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி, காய்ந்த சாலையில் நல்ல டயரோடு பிரேக் பிடித்தால் சுமார் 9 மீட்டரில் நிற்கும். டயருக்கும் சாலைக்கும் உள்ள பிடிமானம் பாதியாகிவிட்டால் அதே வண்டிக்கு 18 மீட்டர் வேண்டும். ஆபத்தைக் கண்டு கை பிரேக்குக்குப் போவதற்குள் கடந்துவிடும் தூரம் இதில் சேராது. ஒரு நொடி தாமதித்தால் அது மட்டுமே 11 மீட்டர். மழையில் நனைந்த தார்ச்சாலை, பட்டன் தேய்ந்து மொட்டையான டயர் இரண்டும் சேர்ந்தால் 40 கிலோமீட்டரே அதிவேகம்தான். விபத்துக்குப் பிறகு காவல் துறையின் தாளில் அதிகமாக எழுதப்படுவது வேகம்தான். டயரைக் குனிந்து பார்த்து எழுதுவதற்கு அங்கே பெரும்பாலும் யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

தொழில்நுட்பம் காப்பாற்றும் என்று நினைப்பதற்கும் எல்லை உண்டு. 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு ஏபிஎஸ், அதற்குக் கீழானவற்றுக்கு இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் சிபிஎஸ் கட்டாயமானது. நல்ல முடிவு. ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். இல்லாத பிடிமானத்தை அதனால் உண்டாக்க முடியாது. சாலையைத் தொட்டுக்கொண்டிருப்பது ஒவ்வொரு சக்கரத்திலும் ஓர் உள்ளங்கை அளவு ரப்பர். பிரேக்கோ, ஏபிஎஸ்ஸோ, ஓட்டுபவரின் திறமையோ, எல்லாம் அந்த உள்ளங்கை வழியாகத்தான் சாலைக்குப் போயாக வேண்டும்.

காற்று: இலவசம், ஆனால் அரிது

டயர் பராமரிப்பில் முதலிடம் காற்றுக்கு. பல 100, 125 சிசி மோட்டார் சைக்கிள்களில் முன்சக்கரத்துக்கு 25 பிஎஸ்ஐ, பின்சக்கரத்துக்கு 28 பிஎஸ்ஐ என்பதுபோலக் கணக்கு இருக்கும். பின்னால் ஆள் உட்கார்ந்தால் பின்சக்கரத்துக்குக் கூடுதலாக வேண்டும். ஒவ்வொரு மாடலுக்கும் இது மாறும். வண்டியோடு வந்த கையேட்டிலும், பல வண்டிகளில் செயின் கவர் அல்லது சீட்டுக்கு அடியில் ஒட்டிய ஸ்டிக்கரிலும் சரியான அளவு அச்சிட்டிருக்கும். ஆனால் காற்றுப் பிடிக்கும் இடத்தில் பையன் கேட்பதும் நாம் சொல்வதும் பெரும்பாலும் “முன்னாடி இருபத்தஞ்சு, பின்னாடி முப்பது” என்ற ஒரே பாட்டுத்தான். எந்த வண்டி, யார் யார் ஏறப்போகிறார்கள் என்ற பேச்சே அதில் இல்லை.

காற்று குறைந்தால் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து நிமிரும். அதனால் சூடேறும். ஓரங்கள் தேயும், வண்டி திரும்ப மறுக்கும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். டியூப் உள்ள டயரானால் டியூப் உள்ளே நகர்ந்து வால்வு மவுத் பிய்ந்துகொள்ளும். காற்று கூடிப்போனால் டயரின் நடுப்பகுதி மட்டும் சாலையைத் தொடும், நடுவில் தேயும், சின்னப் பள்ளமும் முதுகுத்தண்டில் தெரியும். காற்றைச் சரிபார்க்க வேண்டியது டயர் குளிர்ந்திருக்கும்போது, அதாவது வண்டி எடுத்து ஓரிரு கிலோமீட்டருக்குள். வெப்பம் 6 டிகிரி ஏறினால் அழுத்தம் ஏறக்குறைய ஒரு பிஎஸ்ஐ ஏறும். வெயிலில் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவந்து, அளவு கூடுதலாகக் காட்டுகிறதே என்று காற்றை இறக்கிவிடுபவர், மறுநாள் காலை குறைந்த காற்றோடு புறப்படுகிறார்.

பெட்ரோல் பங்கில் காற்று இலவசமாகத் தரப்பட வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்களின் விதிமுறை. நடைமுறை வேறு. மீட்டர் ஓடாது, குழாய் கசியும், ஆள் சாப்பிடப் போயிருப்பார். நைட்ரஜன் பிடித்துக்கொள்ளுங்கள் என்று காசு கேட்கும் இடங்களும் உண்டு. நாம் பிடிக்கும் சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அன்றாடம் ஓட்டும் வண்டிக்கு அதனால் பெரிய வேறுபாடு இல்லை. சொந்தமாக ஒரு சின்ன அழுத்தமானி வாங்கி வைத்துக்கொள்வது அதைவிடப் பயனுள்ள செலவு. வாரம் ஒரு முறை, முடியாவிட்டால் பதினைந்து நாளுக்கு ஒரு முறை அழுத்திப் பார்க்கலாம்.

எழுதியிருப்பதை வாசியுங்கள்

டயரின் பக்கச்சுவரில் நிறைய எழுதியிருக்கிறது. அதில் மூன்றை வாசிக்கத் தெரிந்தால் போதும். ஒன்று, அளவு. 2.75-18 என்றோ 80/100-18 என்றோ இருக்கும். கடைசி எண் ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில். பார்வைக்குக் கம்பீரமாக இருக்க வேண்டும் என்று அகலமான டயரைக் குறுகிய ரிம்மில் ஏற்றினால் டயரின் வடிவமே மாறி, வளைவில் வண்டி நாம் சொன்னபடி கேட்காது. இரண்டு, நான்கு இலக்க எண். 2323 என்றால் 2023ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது. ஓடாமல் கிடந்தாலும் ரப்பருக்கு வயதாகும். வெயிலும் காற்றும் பட்டு இறுகும், மெல்லிய கீறல் விடும். ஐந்து ஆண்டு தாண்டிய டயரை அடிக்கடி உற்றுப் பார்க்க வேண்டும். பட்டன் மிச்சம் இருக்கிறதே என்று பத்து ஆண்டு வரை இழுப்பது கூடாது. கடையில் புது டயர் வாங்கும்போதும் இந்த எண்ணைக் கேட்டுப் பாருங்கள். மூன்று, ஓட்டத் திசையைக் காட்டும் அம்புக்குறி. பஞ்சர் ஒட்டிய பிறகு டயரைத் திருப்பி மாட்டியிருந்தால் இதில் தெரிந்துவிடும்.

தேய்மானத்தை அளக்கக் கருவி வேண்டாம். பட்டன்களுக்கு நடுவே ஓடும் பள்ளத்தில் ஆங்காங்கே சின்ன மேடு இருக்கும். எங்கே தேடுவது என்பதற்குப் பக்கச்சுவரில் ‘டிடபிள்யூஐ’ என்றோ சின்ன முக்கோணமாகவோ குறி இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 94ஆவது விதி, இருசக்கர வாகன டயரின் பள்ளம் குறைந்தது 0.8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்கிறது. பள்ளத்தின் வேலை மழைத்தண்ணீரை வெளியே தள்ளுவது. தண்ணீர் வெளியேற வழியில்லை என்றால் டயர் தண்ணீரின் மேல் ஓடும், சாலையின் மேல் அல்ல. மழை தொடங்கிய முதல் சில நிமிடங்கள் இன்னும் மோசம். மாதக்கணக்கில் சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் அப்போதுதான் குழைந்து வழுக்கும்.

வாட்டர் வாஷ் செய்யும் இடத்தில் டயர் பளபளக்கப் பாலிஷ் அடிப்பதும் ஓர் ஆபத்து. பக்கச்சுவரோடு நின்றால் பரவாயில்லை. சாலையைத் தொடும் பகுதியில் பட்டால் முதல் வளைவிலேயே விலை கொடுக்க நேரிடும். புத்தம்புதிய டயரும் வழவழப்பாகத்தான் இருக்கும். முதல் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் நிதானமாக ஓட்டி அந்த மேற்பரப்பைத் தேய்த்துவிட வேண்டும்.

டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறினால் காற்று மெதுவாக இறங்கும். ஓரம்கட்ட நேரம் கிடைக்கும். டியூப் உள்ளதில் சட்டென்று உட்கார்ந்துவிடும். டியூப்லெஸ்ஸின் இந்த நன்மையைக் கெடுப்பதுபோல, அடிக்கடி பஞ்சராகிறது என்று உள்ளே டியூப் போட்டு ஓட்டுவது நம் ஊரில் சகஜம். ரிம் வளைந்ததாலோ வால்வு பழசானதாலோ காற்று இறங்கினால், அந்தக் காரணத்தைச் சரிசெய்ய வேண்டும். ஓட்டையில் செருகும் ஸ்ட்ரிப் சாலையைத் தொடும் பகுதிக்கு மட்டும்தான். பக்கச்சுவரில் கிழிந்த டயரை எந்த ஒட்டும் காப்பாற்றாது.

சக்கரம் சொல்லும் சேதி

சக்கரத்தைப் பார்க்க வண்டியைச் சென்டர் ஸ்டாண்டு போட்டால் போதும். கையால் சுற்றிவிட்டு, ரிம் பக்கவாட்டில் ஆடுகிறதா, மேலும் கீழும் குதிக்கிறதா என்று நின்று பார்க்க வேண்டும். இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் ஆடினால் கோட்டம் எடுக்கக் கொடுத்துவிடலாம். ஸ்போக்ஸ் கம்பி உள்ள சக்கரமானால் ஒவ்வொரு கம்பியையும் ஸ்பேனரால் லேசாகத் தட்டுங்கள். இறுக்கமான கம்பி கணீரென்று ஒலிக்கும். தளர்ந்தது மந்தமாகத் தட்டும். ஒன்று தளர்ந்தால் அதன் சுமை பக்கத்துக் கம்பிகளுக்குப் போகும்; பிறகு ஒவ்வொன்றாக உடையும். தானே முடுக்கக் கூடாது. ஒரு பக்கம் இறுக்கினால் இன்னொரு பக்கம் இழுக்கும். அது கைப்பழக்கம் உள்ளவரின் வேலை.

அலாய் வீல் உறுதியானது என்று ஒரு நம்பிக்கை. உண்மையில், இரும்பு ரிம் பள்ளத்தில் வளையும். அலாய் விரிசல் விடவும் கூடும். மழை முடிந்த சாலையில் பெரிய பள்ளத்தில் இறங்கியிருந்தால், மறுநாள் வெளிச்சத்தில் ரிம்மின் உள்பக்க விளிம்பை ஒரு சுற்றுப் பாருங்கள். ஸ்கூட்டர்களுக்கு இது இன்னும் முக்கியம். 10 அங்குல, 12 அங்குலச் சக்கரம் அதே பள்ளத்தில் கூடுதலாக இறங்கும். அதே தூரத்துக்குக் கூடுதல் சுற்றுச் சுற்றித் தேயும். சக்கரத்தின் மேல்பகுதியைப் பிடித்து இரு பக்கமும் அசைத்தால் ‘கடக்’கென்று ஆட்டம் தெரிகிறதா? பேரிங் போயிருக்கும். பஞ்சர் ஒட்டிப் பின்சக்கரத்தை மாட்டிய பிறகு, ஆக்ஸில் நட் முறுக்கப்பட்டிருக்கிறதா, இரண்டு பக்கக் குறிகளும் ஒரே எண்ணில் நிற்கின்றனவா, பிரேக் பிடிக்கிறதா என்று பார்க்காமல் வண்டியை எடுக்கவே கூடாது.

ஹாரன் அடிப்பதற்கு மட்டும் அல்ல

பேட்டரியைப் பற்றிய நம் அலட்சியத்துக்கு ஒரு வரலாறு உண்டு. பழைய வண்டிகளில் பேட்டரி செத்தாலும் கிக்கரை உதைத்தால் வண்டி கிளம்பும். ஹாரனும் இண்டிகேட்டரும்தான் வேலை செய்யாது. அதனால் பேட்டரி இல்லாமலே ஆண்டுக்கணக்கில் ஓட்டியவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காலம் போய்விட்டது. 2017 ஏப்ரல் முதல் இன்ஜின் ஓடும்போதெல்லாம் முகப்பு விளக்கு எரிய வேண்டும் என்றாயிற்று. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்ததும் கார்புரேட்டருக்கு விடைகொடுத்து, எரிபொருளை மின்சாரப் பம்பும் ஒரு சின்னக் கணினியும் அளந்து தரும் முறை பரவியது. பல புதிய மாடல்களில் கிக்கரே இல்லை. பேட்டரி முழுக்க இறங்கினால், பத்துப் பேர் சேர்ந்து தள்ளினாலும் பல வண்டிகள் பிடிக்காது. மின்னழுத்தம் குறைந்தால் ஏபிஎஸ்ஸும் தன்னை அணைத்துக்கொண்டு மஞ்சள் விளக்கைக் காட்டும். ராத்திரிப் பணி முடித்து வரும் ஒரு பெண்ணின் ஸ்கூட்டர் ஆளில்லாத சாலையில் செல்ஃப் எடுக்காமல் நின்றால், அது வெறும் பழுது அல்ல, பாதுகாப்புப் பிரச்சினை.

இந்தப் பேட்டரியைப் புரிந்துகொள்ள ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். வண்டியை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து அளந்தால், முழுதாகச் சார்ஜ் ஏறிய 12 வோல்ட் பேட்டரி 12.6 முதல் 12.8 வரை காட்டும். 12.4 என்றால் முக்கால் பங்கு. 12-க்குக் கீழே போனால் ஏறக்குறைய காலி. இன்ஜினை ஓடவிட்டு லேசாக ஆக்ஸிலேட்டரைத் திருகினால் 13.5 முதல் 14.5 வரை வர வேண்டும். வரவில்லை என்றால் சார்ஜ் ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுது, புதிய பேட்டரியையும் அது கொன்றுவிடும். பேட்டரி டவுன் என்றதும் புதிது வாங்கி மாட்டுபவர்கள், மூன்றே மாதத்தில் மறுபடி கடைக்குப் போவது இந்தச் சோதனையைச் செய்யாததால்தான்.

தண்ணீர் ஊற்றும் வகைப் பேட்டரியானால், மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் நடுவே மட்டம் நிற்க வேண்டும். குறைந்தால் ஊற்ற வேண்டியது டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே. வீட்டுக் குடிநீர் வேண்டாம், ஆசிட்டும் வேண்டாம். மூடிய வகையானால் திறக்கவே கூடாது. முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூக்கும் படிவத்தைச் சமையல் சோடா கரைத்த வெந்நீரால் துடைத்து, காய்ந்த பிறகு வாசலின் தடவலாம். கழற்றும்போது முதலில் நெகட்டிவ். மாட்டும்போது முதலில் பாசிட்டிவ். இந்த வரிசை மாறினால் ஸ்பேனர் வண்டியின் உடம்பில் பட்டுத் தீப்பொறி பறக்கும். ஈயப் பேட்டரிக்கு வெயில்தான் முதல் எதிரி. வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொதுக்கணக்கு. வேலூரிலும் திருத்தணியிலும் கோடையில் வெட்டவெளியில் நிறுத்தும் வண்டியின் பேட்டரி சீக்கிரம் சாவதில் வியப்பில்லை. வாரக்கணக்கில் எடுக்காமல் நிறுத்தினாலும் தானாக இறங்கித் தகடுகளில் சல்பேட் படியும். பழைய பேட்டரியைக் காயலான் கடையில் போடாமல் விற்ற கடையிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும். உள்ளிருப்பது ஈயம், 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் அதைச் சேகரித்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மேல் வைத்திருக்கின்றன.

யாருடைய டயர் மொட்டையாகிறது?

இதெல்லாம் தெரிந்தும் செய்யாதவர்கள் ஒரு பக்கம். தெரிந்தும் செய்ய முடியாதவர்கள் இன்னொரு பக்கம். நாளெல்லாம் உணவும் பார்சலும் கொண்டுபோகும் இளைஞரின் டயர், அலுவலகம் போய்வருபவரின் டயரைவிடப் பல மடங்கு வேகமாகத் தேய்கிறது. தேயும் செலவு அவருடையது. ஓட்டத்தின் லாபத்தில் பெரும்பங்கு வேறொருவருக்கு. பால் கேன் கட்டிய வண்டி, மீன் கூடை ஏற்றிய வண்டி, காய்கறி மூட்டை சுமக்கும் எக்ஸ்எல் எல்லாம் இந்த வரிசையில்தான். இணையவழித் தொழிலாளர்களுக்குத் தமிழக அரசு தனி நலவாரியம் அமைத்தது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் 2,000 பேருக்கு மின்சார ஸ்கூட்டர் வாங்கத் தலா 20,000 ரூபாய் மானியம் அறிவித்தது. பாராட்டலாம். அந்த வாரியமே ஆண்டுக்கு ஒரு ஜோடி டயருக்கு உதவினால் செலவு மிகக் குறைவு, பயன் உடனடி.

வீட்டுக்குள்ளும் ஒரு வரிசை இருக்கிறது. குடும்பத் தலைவருக்குப் புது வண்டி வரும். அவர் ஓட்டித் தேய்த்த பழைய வண்டி கல்லூரி சேரும் பிள்ளைக்குப் போகும். ஓட்டும் அனுபவம் மிகக் குறைந்தவரின் கையில் மிகப் பழைய டயர் வந்து சேர்வது இப்படித்தான். வண்டியைக் கொடுப்பதற்கு முன் டயரையும் மாற்றிக்கொடுப்பது ஒரு வழக்கமாக வேண்டும்.

2025 செப்டம்பர் 22 முதல் டயர் மீதான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18ஆகக் குறைந்தது. அதுவரை டயரும் ஆடம்பரப் பொருட்களோடு ஒரே அடுக்கில்தான் இருந்தது. 125 சிசி வரையிலான வண்டிகளின் டயரை 5 சதவீத அடுக்குக்குக் கொண்டுவரக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. தேய்ந்ததை மாற்றத் தயங்கவைக்கும் எந்த வரியும் கடைசியில் மருத்துவமனைச் செலவாகத்தான் திரும்பும்.

என்ன செய்யலாம்?

பிரிட்டனில் மோட்டார் சைக்கிளுக்கு மூன்று வயதானால் ஆண்டுதோறும் தகுதிச் சோதனை உண்டு. ஜப்பானில் 250 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளை இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். இங்கேயும் அப்படியே வேண்டும் என்று நான் கேட்கவில்லை. 2023-24இல் மட்டும் உள்நாட்டில் விற்ற இருசக்கர வாகனங்கள் ஏறக்குறைய 1.8 கோடி. அத்தனைக்கும் எஃப்சி என்றால் ஆர்டிஓ அலுவலக வாசலில் வரிசை நீளும். கூடவே இடைத்தரகர்களின் வரிசையும் நீளும். வண்டியைப் பார்க்காமலே புகைச் சான்றிதழ் கிடைக்கும் இடங்கள் இருக்கின்றன என்பது ஊரறிந்த ரகசியம். இன்னொரு கட்டாயச் சான்றிதழ், இன்னொரு லஞ்ச ஜன்னலாகத்தான் முடியும் என்ற அச்சம் நியாயமானது.

ஆகவே தண்டனை இல்லாத, செலவு குறைந்த வழியைக் கேட்கிறேன். புகைச் சோதனைக்கு வண்டி எப்படியும் வருகிறது. அங்கேயே இரண்டு டயரின் பட்டனையும் காற்றையும் பார்த்து, சான்றிதழின் கீழே இரண்டு வரி அச்சடிக்கட்டும்: பின்டயர் தேய்ந்துவிட்டது, மாற்றவும். அபராதம் வேண்டாம், சான்றிதழை மறுக்கவும் வேண்டாம். பிரிட்டனின் சோதனையிலும் குறை பெரிதாக இல்லாதபோது இப்படி எச்சரித்து எழுதித் தருவது உண்டு. அறியாமையால் தேய்ந்த டயரில் ஓட்டும் பெரும்பாலோருக்கு அந்த இரண்டு வரி போதும்.

இரண்டாவது, ஓட்டுநர் உரிமத் தேர்வு. அதில் எட்டுப் போடச் சொல்கிறோம். அதற்கு முன், காற்று எவ்வளவு இருக்க வேண்டும், தேய்மானக் குறி எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லலாம். பிரிட்டனில் மோட்டார் சைக்கிள் உரிமம் கேட்பவரிடம் டயரை எப்படிச் சோதிப்பீர்கள் என்று கேட்பது வழக்கம். ஒரு நிமிட வேலை, ஆயுளுக்கும் நினைவிருக்கும்.

மூன்றாவது, தரநிர்ணயம். ஈரச் சாலையில் பிடிமானம், உருளும் எதிர்ப்பு, ஓசை ஆகியவற்றுக்கு 2022இல் மத்திய அரசு கொண்டுவந்த அளவுகோல்கள் கார், இலகு லாரி, லாரி-பேருந்து டயர்களுக்கானவை. இருசக்கர டயர் அந்தப் பட்டியலில் இல்லை. மழையில் வழுக்கி விழும் வாய்ப்பு யாருக்கு அதிகமோ, அவர்களுடைய டயருக்கு ஈரப்பிடிமான அளவுகோல் இல்லை என்பது சரிசெய்யப்பட வேண்டிய முரண். நான்காவது, தரவு. சென்னை ஐஐடி உருவாக்கிய விபத்துத் தரவுத்தளம் இப்போது நாடெங்கும் காவல் துறையின் கையில் இருக்கிறது. விபத்து நடந்த இடத்தில் டயரின் படம் ஒன்றையும் கட்டாயமாக எடுத்து ஏற்றினால், வேகம் என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் மறைந்திருப்பது சில ஆண்டுகளில் வெளியே வரும். ஐந்தாவது, பங்குகளில் காற்றுக் கருவி ஓடுகிறதா என்பதை எண்ணெய் நிறுவனங்கள் தங்கள் வழக்கமான ஆய்வில் பெட்ரோல் அளவுக்குச் சமமாகப் பார்க்க வேண்டும்.

நமக்கென்று ஒரு நாள் இருக்கிறது

அரசு இதையெல்லாம் செய்யும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் ஏறக்குறைய ஒவ்வொரு வண்டியும் ஆண்டுக்கு ஒரு முறை கழுவித் துடைத்துப் பொட்டு வைத்து நிறுத்தப்படுகிறது. ஆயுத பூஜையன்று சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கக் குனிகிறோம். அது வருவதும் செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ, பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்னால். இதைவிடப் பொருத்தமான நாளை எந்தத் துறையும் அறிவிக்க முடியாது. வண்டியைக் கழுவுவதற்கு முன் டயரின் பட்டனையும் நான்கு இலக்க எண்ணையும் பாருங்கள். சக்கரத்தைச் சுற்றிவிடுங்கள். பேட்டரியின் முனைகளைத் துடையுங்கள். மொட்டையாகியிருந்தால் மாலைக்கும் பொரிக்கும் ஒதுக்கும் பணத்தோடு ஒரு டயருக்கும் ஒதுக்குங்கள். வழிபாடு வேண்டாம் என்பவர்களுக்கும் அந்த விடுமுறை நாள் இருக்கவே செய்கிறது.

மெக்கானிக்குகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஆயில் மாற்ற வரும் வாடிக்கையாளர் கேட்காவிட்டாலும் டயரைக் காட்டிச் சொல்லுங்கள். வியாபாரத்துக்காகச் சொல்வதாக அவர் நினைத்தாலும் சொல்லுங்கள். புகைச் சான்றிதழோடு டயர் குறிப்பையும் சேர்ப்பதைத் தமிழகப் போக்குவரத்துத் துறை ஒரு மாவட்டத்தில் சோதித்துப் பார்க்கலாம். கூடுதல் கட்டடமும் வேண்டாம், கூடுதல் ஊழியரும் வேண்டாம். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் அதைத் தொடங்குவதே சரியான வேளை.